வேலூரிலிருந்து பறப்பவர் எந்த மைல்களைச் சேர்ப்பது?

அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறது. ஆனால் இதை எழுதும்வரை அங்கிருந்து பயணிகள் விமானம் எதுவும் வழக்கமாகக் கிளம்பவில்லை. அதனால் என்ன, விமானம் ஏறுகிறவருக்கு நிறுவனங்கள் பரிசாகத் தரும் மைல் எனும் புள்ளிகளைப் பற்றிப் பழைய வட ஆற்காடு முழுக்க வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். எமிரேட்ஸில் ஆறாயிரம் மைல், கத்தாரில் நாலாயிரம், ஏர் இந்தியாவில் ஏதோ கொஞ்சம், சிங்கப்பூரில் பாஸ்வேர்டு மறந்துபோன ஒரு கணக்கு என்று பதில் வரும். எதிலும் ஒரு டிக்கெட் எடுக்கும் அளவுக்குச் சேர்ந்திருக்காது. சேர்வதற்குள் பாதி காலாவதியாகிவிடும்.

ஆகவே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீடே சேர்ந்து அதை நிரப்ப வேண்டும். எது அந்த ஒன்று என்பதுதான் கேள்வி. களத்தில் நிற்பவை ஐந்து: எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ், கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பொதுவில் வைத்திருக்கும் ஆவியோஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர், ஏர் இந்தியாவின் மஹாராஜா கிளப், இண்டிகோவின் ப்ளூசிப். ஆறாவதாக ஒரு வழியும் உண்டு. எதையும் சேர்க்காமல், கேஷ்பேக் கிரெடிட் கார்டோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் விமானம் ஏறுகிற வீட்டுக்கு அதுதான் சரி. அவர்கள் மேலே படிக்காமலே விட்டுவிடலாம்.

மைலுக்கு மதிப்பு போடும் கணக்கு எளிது. டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் கொடுத்தாலும் தனியாகக் கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். மிச்சத்தை, கேட்கும் மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு ரொக்கத்தில் 40,000 ரூபாய்க்குக் கிடைக்கும் டிக்கெட்டுக்கு 30,000 மைலும் 10,000 ரூபாய் வரியும் கேட்டால், ஒரு மைல் ஒரு ரூபாய். வரியைக் கழிக்காமல் கணக்குப் போடுகிறவர்கள்தான் "ஃப்ரீயா போயிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மைல் டிக்கெட் இலவசம் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது இந்த வரிப் பகுதியில்தான், விளம்பரம் வாயே திறக்காத இடமும் இதுதான்.

இதோடு நம் பக்கத்துக்காரர்கள் பார்க்க வேண்டியவை இன்னும் சில. மீனம்பாக்கத்திலிருந்து அந்த நிறுவனம் நேராகப் பறக்கிறதா? மைல் எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? அப்பா, அம்மா, மகன், மருமகள் சேர்ப்பதை ஒரே கணக்கில் கொட்ட முடியுமா? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்கே முதல் இடம். ஒரே ஆள் வாரா வாரம் பறந்து சேர்க்கும் ஊர் அல்ல இது. துபாயிலிருந்து மகன் வருடத்துக்கு ஒருமுறை வருவான், பேரனைப் பார்க்கப் பாட்டி ஒருமுறை போவார், தொழில் விஷயமாக மாமா இரண்டு முறை போவார். தனித்தனியே எதற்கும் ஆகாத மைல்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் டிக்கெட்டாகும்.

அந்த வகையில் எமிரேட்ஸ் முன்னால் நிற்கிறது. ஸ்கைவார்ட்ஸின் குடும்பக் கணக்கில் எட்டுப் பேர் வரை சேரலாம். ஒவ்வொருவரும் பறந்து பெறும் மைலில் நூறு சதவீதம் வரை பொதுக் கணக்குக்குக் கொடுக்கலாம். 2 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கைசர்ஃபர்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதனால் பள்ளி விடுமுறைக்கு அம்மாவோடு வரும் இரண்டு பிள்ளைகளின் மைலும் வீணாகாது. மேல்விஷாரம், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் வளைகுடாவில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. காலாவதி மூன்று வருடக் கணக்கு. சேர்த்த நாளிலிருந்து மூன்று ஆண்டு முடிந்து, அடுத்து வரும் உங்கள் பிறந்த மாதக் கடைசியில் போகும். பிறந்த மாதம் என்பதால் மறக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. மறந்துவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. எமிரேட்ஸ் மலிவு டிக்கெட்டுக்குக் குறைவாகத்தான் மைல் தரும். ஸ்பெஷல், சேவர், ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ் பிளஸ் என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் கீழ் இரண்டு படிகள். மைல் டிக்கெட்டின் மேல் போடும் கூடுதல் கட்டணமும் கொஞ்சமல்ல. சென்னை–துபாய் மாதிரிக் குறுகிய தடத்தில், சலுகை விலை ஓடும் மாதங்களில், அந்தக் கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மைலுக்கு மதிப்பே மிஞ்சாமல் போகலாம். அதே தடத்தில் ஜூலை, ஆகஸ்டில் நிலைமை வேறு. வளைகுடாப் பள்ளிகள் மூடி, குடும்பங்கள் மொத்தமாக ஊருக்குக் கிளம்பும் நேரம். ரொக்க விலை ஏறிக்கிடக்கும். மைல் உண்மையில் உதவுவது அப்போதுதான். ஆனால் அந்த நேரத்து மைல் சீட்டைப் பத்து, பதினோரு மாதம் முன்பே பிடித்து வைத்திருக்க வேண்டும். பக்ரீத் எந்த வாரம் வருகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

ஒன்றின் மைலை இன்னொன்றில் செலவிட விடும் விமான நிறுவனக் கூட்டணி எதிலும் எமிரேட்ஸ் இல்லை என்பது இன்னொரு விஷயம். துபாய் வழியாகப் போகாத பயணத்துக்கு அந்த மைல் பெரிதாக உதவாது. சில ஆயிரம் மட்டும் சேர்ந்து, இனிமேல் அந்தப் பக்கம் போகப் போவதில்லை என்றால் வைத்திருந்து சாகவிடாதீர்கள். 2,000 மைல் இருந்தாலே எமிரேட்ஸில் வாங்கும் டிக்கெட் விலையில் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். மதிப்பு குறைவுதான், சும்மா போவதற்கு அது மேல்.

அடுத்தது ஆவியோஸ். ஒரே நிறுவனத்தின் மைலாக இல்லாமல், பல நிறுவனங்களில் செல்லும் நாணயமாக இருப்பது இதன் பலம். பிரிட்டிஷ் ஏர்வேஸிடம் முன்பே இருந்ததைக் கத்தாரும் 2022-ல் தன் நாணயமாக்கிக்கொண்டது. இரண்டு கணக்கையும் இணைத்து இங்கிருந்து அங்கு மாற்றிக்கொள்ளலாம். முப்பத்தாறு மாதத்துக்குள் கணக்கில் ஏதாவது ஒரு அசைவு இருந்தால் போதும், மொத்தமும் உயிரோடு இருக்கும். எமிரேட்ஸும் சிங்கப்பூரும் கொடுக்காத வசதி இது. சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

இதைவிட, சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன், மலேசியா, கேத்தே பசிபிக் என்று மீனம்பாக்கம் வந்துபோகும் ஒன்வேர்ல்ட் கூட்டணி நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. தோஹா, லண்டன், கொழும்பு, கோலாலம்பூர், ஹாங்காங் என ஐந்து திசைக்கும் ஒரே கணக்கில் சேர்க்கலாம். கூட்டணி நிறுவனங்களில் ஆவியோஸ் கேட்கும் அளவு தூரத்தைப் பொறுத்தது என்பதால், கொழும்பு போன்ற கிட்டத்து ஊருக்குக் கொஞ்சம் ஆவியோஸே போதும்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுவே, ஆனால் காரணம் வேறு. காட்பாடியில் பொறியியல் முடித்துவிட்டு டெக்சாஸுக்கோ அரிசோனாவுக்கோ மேல்படிப்புக்குக் கிளம்பும் பையனுக்கு முதல் பயணத்தில் மைலைவிடப் பெட்டி முக்கியம். குக்கர், மசாலாப் பொடி, ஒரு வருடத்துக்கான மாத்திரை எல்லாம் எடை தாண்டும். கத்தாரின் மாணவர் கிளப் டிக்கெட்டில் தள்ளுபடியும் கூடுதல் லக்கேஜும் தருகிறது, கணக்கு ஆவியோஸிலேயே ஓடுகிறது. மற்ற நிறுவனங்களும் மாணவர் விலை கொடுக்கின்றன. ஆகவே முதல் டிக்கெட்டை லக்கேஜ் பார்த்து வாங்குங்கள், மைல் பார்த்து அல்ல. படிப்பு முடிந்து பட்டமளிப்புக்கு அப்பா அம்மா போகும் நேரம் வரும். மைல் அப்போது கை கொடுக்கும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் பக்கம் ஒரு எச்சரிக்கை. லண்டனை இறுதி ஊராகக் கொண்டு போய், திரும்பும்போது பிரிட்டிஷ் அரசின் பயணி வரி மைல் டிக்கெட்டின் மேலும் விழும். நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் அதற்கு மேல். பிசினஸ் வகுப்பில் இரண்டும் சேர்ந்து கண்ணைக் கட்டும்.

ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணியின் பக்கம் வந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஆனால் சுவாரஸ்யம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்கள் ஐரோப்பா போவது சகஜம். மிலானில் லினியாபெல்லே கண்காட்சி, ஜெர்மனியில் வாங்குபவரோடு பேச்சு. சென்னை–பிராங்க்பர்ட் லுஃப்தான்சாவில் ஏறுகிறவர், அந்த மைலை லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் கணக்கில்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. அதே கூட்டணியிலுள்ள கிரிஸ்ஃபிளையரிலோ ஏர் இந்தியாவிலோ போட்டுக்கொள்ளலாம். மலிவு வகுப்பு டிக்கெட்டுக்கு யார் எத்தனை சதவீதம் தருகிறார்கள் என்பது மாறும் என்பதால், டிக்கெட்டில் இருக்கும் ஒற்றை எழுத்து வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

கிரிஸ்ஃபிளையருக்கும் மஹாராஜா கிளப்புக்கும் நடுவே எனக்குத் தயக்கமே இல்லை, கிரிஸ்ஃபிளையர்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017-ல் எடுத்துவிட்டது. நான் மேலே சொன்ன கழித்தல் கணக்கில் அது ஜெயிக்கும் இடம் இதுதான். சிங்கப்பூரில் பிள்ளை இருக்கும் வீடு, ஆஸ்திரேலியாவில் மகள் இருக்கும் வீடு, வேறு எதையும் பார்க்க வேண்டாம். குறை, மூன்று வருடம் ஆனால் மைல் போய்விடும். நடுவில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் கூடாது. இங்கே பொதுக் கணக்கு கிடையாது என்றாலும், ஐந்து பேரைப் பதிவு செய்து உங்கள் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

ஏர் இந்தியாவின் கதை வேறு. 1994-ல் தொடங்கிய ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ், டாடா கைக்கு வந்த பிறகு 2024-ல் புது உருவம் எடுத்து, இப்போது மஹாராஜா கிளப். பறந்த தூரத்துக்குப் பதில் செலவழித்த பணத்துக்குப் பாயின்ட் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் டெல்டாவும் யுனைடெட்டும் 2015-லேயே போன பாதைதான் இது. மலிவு டிக்கெட் வேட்டைக்காரர்களான நமக்கு இதில் லாபம் குறைவு. கம்பெனி செலவில் டெல்லி, மும்பை போய் வருபவர்களுக்குச் சரி. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்ததால் உள்நாட்டு வலை பெரிதானது.

இண்டிகோவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ப்ளூசிப் புதியது, எந்தக் கூட்டணியிலும் கிடையாது. எப்படியும் இண்டிகோவில்தான் ஏறப்போகிறோம் என்பவர் எண்ணைக் கொடுத்து வைக்கலாம், அதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டாம். சி.எம்.சி.க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குக் கொல்கத்தாவிலிருந்து சென்னை வந்து காரில் வேலூர் வரும் குடும்பங்களுக்கு அது ஒரு சிறிய தள்ளுபடி.

இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில் பிறந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் திட்டத்தைத் தொடங்கியது, சில நாளிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. 1999-ல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், மைல் பரிசு அறிவித்த ஓர் உணவு நிறுவனத்தின் புட்டிங் கோப்பைகள் 12,150-ஐச் சுமார் 3,140 டாலருக்கு வாங்கி, 12 லட்சத்துக்கும் மேல் மைல் சேர்த்தார். மைல் கேட்க வேண்டிய லேபிளை உரிக்க ஆள் வேண்டும் என்பதற்காகப் புட்டிங்கைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, அங்கிருந்த தன்னார்வலர்களை உரிக்க வைத்தார். அப்படி ஓர் ஓட்டை நம் ஊரில் யாரும் விட்டுவைப்பதில்லை. இங்கே நடப்பது தலைகீழ். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றபோது அதன் கிங் கிளப் மைல்கள் காற்றில் போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் பறப்பதை நிறுத்தியபோது, அதன் மைல் வைத்திருந்தவர்களுக்கு ஏற ஜெட் விமானமே இல்லாமல் போனது. மைலை வைப்பு நிதி போல வளர்த்து வைக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இந்த வரலாற்றால்தான். வட்டி கிடையாது, மதிப்பு இறங்கத்தான் செய்யும். ஒரு டிக்கெட்டுக்குச் சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டில் மைல் சேர்ப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பான கருத்து உண்டு. பெருநகர இளைஞர்கள் சொல்லும் வித்தையெல்லாம் நம் பக்கம் பாதிதான் வேலை செய்யும். லாங் பஜாரிலும் சாரதி மாளிகையிலும் கார்டை நீட்டினால் இரண்டு சதவீதம் சேர்த்துக் கேட்கும் கடைகள் உண்டு, அங்கேயே லாபம் போயிற்று. வாடகை, பெட்ரோல், வாலட் எல்லாவற்றையும் பல வங்கிகள் பாயின்ட் கணக்கிலிருந்து தூக்கிவிட்டன. ஆக்சிஸ் வங்கி 2023 டிசம்பரில் விமான நிறுவனங்களை இரண்டு பிரிவாக்கி, கார்டு பாயின்டை மைலாக வருடத்துக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று வரம்பு வைத்தது. இன்று நல்ல கார்டு என்று சொல்வது அடுத்த வருடம் அப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாக்கி வைத்தால் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும், எந்த மைலும் அதை ஈடுகட்டாது. வெளிநாட்டில் தேய்த்தால் வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி சேர்க்கும் வழக்கமான 3.5 சதவீத மார்க்கப்பும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம் ஆகிறது. எல்லாம் கழித்தும் மிஞ்சுகிறது என்றால், ஆவியோஸுக்கோ கிரிஸ்ஃபிளையருக்கோ மாறுகிற பாயின்ட் கார்டாகப் பாருங்கள். ஒரே விமான நிறுவனத்தின் பெயர் அச்சடித்த கார்டு வேண்டாம். நிறுவனம் மூழ்கினாலும் வங்கியில் இருக்கும் பாயின்ட் வேறு பக்கம் போகும்.

தொழில் நடத்துபவர்கள் கண்டுகொள்ளாத ஒன்று இங்கே இருக்கிறது. எமிரேட்ஸிலும் கத்தாரிலும் சிறு நிறுவனங்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. பறக்கும் ஆளின் கணக்கில் மைல் விழுவது விழட்டும், கம்பெனிக் கணக்கில் தனியாக இன்னொரு பங்கு விழும். நாலு மெர்ச்சன்டைசர்கள் ஐரோப்பா போய்வரும் ஷூ கம்பெனி இதைப் பதிவு செய்யாமல் இருப்பது கையில் வருவதைத் தள்ளிவிடுவதுதான்.

உம்ரா போகிறவர்கள் கேட்கும் கேள்வி: "குரூப் டிக்கெட்ல மைல்ஸ் விழுமா பாய்?" பெரும்பாலும் விழாது, விழுந்தாலும் கொஞ்சம். ஏஜென்ட் வாங்கும் குழு விலைக்கு மைல் உரிமை இருக்காது. அதை நம்பி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நேர் விமானமா, ஹோட்டல் ஹரமுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

எந்தத் திட்டமானாலும் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை காத்திருக்கிறது, அது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில் விரிவாக இருக்கும், மைல் கணக்கைத் தொடங்கும்போது ஒற்றை எழுத்தைப் போட்டிருப்போம், ஏஜென்ட் டிக்கெட்டில் முன்னும் பின்னுமாக அடித்திருப்பார். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மைல் வந்து விழாது. பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கில் போடுங்கள். சர்நேம் இடம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களை விசிட் விசாவில் ஏற்க முடியாது என்று அமீரகம் 2022 நவம்பரில் சொன்னபோது நம் ஊரில் எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது ஏஜென்ட்களுக்குத் தெரியும். மைல் விழாமல் போனால் பின்னால் கேட்டு வாங்கலாம், பல நிறுவனங்கள் ஆறு மாதம் வரை அவகாசம் தருகின்றன. அதுவரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு. துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் ஆள் இருந்து போக்குவரத்து அந்தப் பக்கமே என்றால் ஸ்கைவார்ட்ஸ், எட்டுப் பேரையும் சேர்த்து. ஒரு பிள்ளை அமெரிக்காவிலும் ஒருவர் கத்தாரிலும் ஒருவர் லண்டனிலுமாகச் சிதறிக் கிடக்கும் வீட்டுக்கு, சந்தேகமே இல்லாமல் ஆவியோஸ். கிழக்கே பார்க்கும் வீட்டுக்கு கிரிஸ்ஃபிளையர், தோல் தொழில்காரர் லுஃப்தான்சாவில் அடிக்கடி போகிறார் என்றாலும் அதுவே. மஹாராஜா கிளப்பும் ப்ளூசிப்பும் கூட இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றை மனதில் வைத்து டிக்கெட் வாங்க வேண்டாம்.

வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் உண்டு. அவர்களுக்குப் பெங்களூரும் கைக்கு எட்டும் தூரம். அங்கிருந்து ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்.மும் பறப்பதால், அவர்கள் வேண்டுமானால் அவ்விரண்டின் மைல் திட்டமான ஃபிளையிங் புளூவையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் விமான நிலையம் ஊரைத் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. ஹொசூர் ரோட்டில் தொடங்கி ஹெப்பாலைக் கடக்கும் வரைக்குமான நேரத்தையும், காருக்கும் டோலுக்கும் ஆகும் காசையும் மைலில் மிச்சமாகும் தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் மீனம்பாக்கம் போவதுதான் மலிவாக வரும்.